பெரு: மழையில்லாத கரையில் தொடங்கிய ஐயாயிரம் ஆண்டுகள்

கேள்வி: பெரு நாட்டின் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் பாலைவனம், நடுவில் பனிமலை, மறுபக்கம் மழைக்காடு. இப்படிப்பட்ட இடத்தில் பழமையான நாகரிகங்கள் எப்படித் தோன்றின? இன்காக்களுக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்? நேரில் போய்ப் பார்ப்பதென்றால் எங்கே தொடங்குவது?

பதில்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இன்காக்கள் பெருவின் தொல்வரலாற்றில் கடைசியாக வந்தவர்கள். குஸ்கோ பள்ளத்தாக்கில் சிற்றரசாக இருந்த அவர்கள், பச்சாகுட்டி என்ற மன்னர் 1438 வாக்கில் பட்டத்துக்கு வந்த பிறகுதான் அக்கம்பக்கத்து நாடுகளை வென்று பேரரசானார்கள். 1532இல் ஸ்பானியர் வந்துவிட்டார்கள். நூறு ஆண்டுகள்கூட நிறையவில்லை. ஆனால் பெருவின் கடற்கரைப் பாலையில் கல்லாலும் மண்ணாலும் மேடைக் கோயில்கள் எழுப்பிய நகரம் ஒன்று கி.மு. 2600 வாக்கிலேயே இருந்தது. அந்த நகரத்துக்கும் பச்சாகுட்டிக்கும் நடுவே நான்காயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. இன்காக்களின் மலையூரான மச்சு பிச்சுவின் படத்தைப் பார்த்து எவ்வளவு பழமை என்று வியக்கும்போது நாம் பார்ப்பது அந்த நீண்ட கதையின் கடைசி அத்தியாயத்தைத்தான்.

நிலத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது. பெருவின் பரப்பு சுமார் 12 லட்சத்து 85 ஆயிரம் சதுர கிலோமீட்டர். மேற்கே பசிபிக் கடலை ஒட்டி சுமார் 2,400 கி.மீ. நீளத்துக்கு ஒரு குறுகலான பாலைவனம். அதை அடுத்து ஆண்டீஸ் மலைத்தொடர். அதற்குக் கிழக்கே அமேசான் காடு. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு அந்தக் காடுதான். கடற்கரைப் பட்டை பரப்பில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல், ஆனால் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கேதான் வாழ்கிறார்கள்.

இந்த மூன்று நிலங்களும் ஒன்றோடொன்று எவ்வளவு நெருக்கமானவை என்பதை வரைபடம் காட்டாது. தலைநகர் லீமாவிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலையில் 130 கி.மீ. போனால் தீக்லியோ கணவாய் வந்துவிடும். அதன் உயரம் 4,818 மீட்டர். கடல் மட்டத்தில் காலை உணவு சாப்பிட்டவர் மதியத்துக்குள் மூச்சுத் திணறும் உயரத்தில் நிற்பார். இந்தச் செங்குத்தான அமைப்பைக் கணக்கில் கொண்டுதான், பெருவின் புவியியல் அறிஞர் ஹாவியேர் புல்கார் விதால், கடற்கரை, மலை, காடு என்று மூன்றாகப் பிரிப்பது போதாது என்று சொல்லி, உயரத்தையும் விளைச்சலையும் வைத்து நாட்டை எட்டு இயற்கை மண்டலங்களாகப் பகுத்தார். உழவர்கள் காலங்காலமாக வழங்கி வந்த பெயர்களையே அந்த மண்டலங்களுக்கும் வைத்தார்.

நிலநடுக்கோட்டிலிருந்து 12 பாகை தெற்கே, கடலோரத்தில் இருக்கும் லீமாவில் மழை கொட்ட வேண்டும். ஆண்டு முழுவதும் சேர்த்து அங்கே சில மில்லிமீட்டர்களே பெய்கிறது. காரணம் இரண்டு. கிழக்கிலிருந்து வரும் ஈரக் காற்று ஆண்டீஸின் மறுபக்கத்திலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மேற்கில், தென் துருவப் பக்கத்திலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் கடலைக் குளிரவைக்கிறது. கடலை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்க, மேலே வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் நிற்கிறது. மேகம் உண்டாகும், உயர்ந்து மழையாகாது. குளிர்காலம் முழுவதும் லீமாவின்மேல் சாம்பல் நிற மூடுபனி தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பனியின் ஈரத்தை மட்டுமே குடித்துச் சில குன்றுகள் ஓராண்டில் சில மாதங்கள் பச்சை போர்த்திக்கொள்ளும்.

நிலத்தை வறளவைக்கும் அதே குளிர்ந்த கடல்தான் மீனை அள்ளித் தருகிறது. ஆழத்திலிருந்து மேலே எழும் நீர் உரச்சத்தைக் கொண்டுவர, நுண்ணுயிர்கள் பெருக, அவற்றைத் தின்னும் நெத்திலி இனம் கோடிக்கணக்கில் பெருகுகிறது. ஒரே இன மீனைப் பிடிக்கும் தொழிலில் உலகிலேயே மிகப் பெரியது இன்றும் பெருவின் நெத்திலித் தொழில்தான். மீனைத் தின்ன வரும் கடற்பறவைகளின் எச்சம், மழையே இல்லாததால் கரைந்துபோகாமல் தீவுகளில் மலையாகக் குவிந்தது. இன்காக்கள் அதை உரமாகப் பயன்படுத்தினார்கள். அந்தப் பறவைகளைக் கொல்வதைத் தடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் சின்ச்சா தீவுகளிலிருந்து அந்த எச்சம் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போய் பெருவின் கருவூலத்தைச் சில பத்தாண்டுகள் நிரப்பியது.

ஆண்டீஸின் பனியும் மழையும் ஐம்பதுக்கு மேற்பட்ட சிற்றாறுகளாக இறங்கி இந்தப் பாலைவனத்தைக் குறுக்கே வெட்டிக் கடலில் சேர்கின்றன. ஒவ்வோர் ஆற்றின் இருபுறமும் ஒரு பச்சைக் கோடு. இரண்டு கோடுகளுக்கு நடுவே மணல். ஆக, பழங்கால மக்களுக்குக் கிடைத்தவை இவை: மீன் வற்றாத கடல், வாய்க்கால் வெட்டினால் விளையும் ஆற்றுப் பள்ளத்தாக்குகள், சில நாள் நடையில் எட்டக்கூடிய மலை.

இந்த மூன்றையும் சேர்த்து முதன்முதலில் பெரிய அளவில் பயன்படுத்திய இடம் கரால். லீமாவுக்கு வடக்கே சுமார் 180 கி.மீ. தொலைவில், சூப்பே ஆற்றின் கரையில், கடலிலிருந்து 20 கி.மீ.க்கும் மேல் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கிருந்த மேடுகள் ஊராருக்குக் குன்றுகளாகவே தெரிந்தன. பெருவின் தொல்லியலாளர் ருத் ஷாடி 1990களின் நடுவில் அங்கே அகழத் தொடங்கினார். பிரமிடு போன்ற மேடைகள், தரைக்குக் கீழே வட்டமாகத் தோண்டிய அரங்குகள், குடியிருப்புகள் என வெளிவந்தும் மட்பாண்டம் மட்டும் ஓர் ஓடுகூடக் கிடைக்கவில்லை. மட்பாண்டம் செய்யத் தெரிவதற்கு முன்பே அவர்கள் நகரம் கட்டிவிட்டார்கள்.

காலத்தை எப்படிக் கணித்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். மேடைகளை நிரப்ப, கோரைப்புல்லில் பின்னிய வலைப் பைகளில் கற்களை நிறைத்து, பையோடு சேர்த்தே அடுக்கியிருக்கிறார்கள். அந்தக் கோரையைக் கதிரியக்கக் கரிமச் சோதனைக்கு அனுப்பியபோது கி.மு. 2600ஐ ஒட்டிய காலம் கிடைத்தது. 2001இல் இந்த முடிவு வெளியானபோது அமெரிக்கக் கண்டங்களின் தொல்வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியதாயிற்று. எகிப்தில் பெரிய பிரமிடு எழுந்த காலமும் ஏறத்தாழ இதுவே. அந்தக் கற்பைகள் நிலநடுக்கத்தின் அதிர்வை உள்வாங்கிக் கட்டடத்தைக் காத்தன என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பறவை எலும்பில் செய்த 32 புல்லாங்குழல்கள் ஓர் அரங்கில் கிடைத்தன. ஆயுதங்களோ கோட்டை மதில்களோ கிடைக்கவில்லை. யுனெஸ்கோ 2009இல் கராலை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

கராலின் பிழைப்பு எதில் நின்றது? பள்ளத்தாக்கில் பருத்தி விளைந்தது. கடலோர ஊர்களுக்கு வலை பின்னப் பருத்தி வேண்டும். உள்நாட்டு ஊர்களுக்கு மீன் வேண்டும். கராலின் குப்பைமேடுகளில் நெத்திலி எலும்புகள் குவிந்து கிடப்பது அந்தப் பண்டமாற்றுக்குச் சான்று. தானியச் சாகுபடிதான் நாகரிகத்துக்கு அடித்தளம் என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறாக, ஆண்டீஸ் நாகரிகத்தின் அடித்தளம் கடல் உணவுதான் என்று தொல்லியலாளர் மைக்கேல் மோஸ்லி 1975இலேயே வாதிட்டிருந்தார். கரால் கிடைத்த பிறகு அந்த விவாதம் சூடுபிடித்தது. கடலை மட்டும் முன்னிறுத்துவதும் முழு உண்மையல்ல என்பது என் கருத்து. வலை இல்லாமல் நெத்திலி இல்லை, வாய்க்கால் இல்லாமல் பருத்தி இல்லை. 2025இல் ருத் ஷாடியின் குழு அதே பகுதியில் பெனிக்கோ என்ற இன்னொரு நகரத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவைத்தது. கரால் கைவிடப்பட்ட பிறகு, கி.மு. 1800க்கும் 1500க்கும் இடையில் தோன்றிய ஊர் அது. ஒரு நகரம் சரிந்ததும் மக்கள் மாயமாகவில்லை, மேட்டுக்கு நகர்ந்து மறுபடி கட்டினார்கள் என்பது இதனால் தெளிவாகிறது.

அடுத்து மலைக்குள் போவோம். சாவின் தே ஹுவாந்தர் என்ற கோயில் சுமார் 3,200 மீட்டர் உயரத்தில், இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது. கி.மு. முதல் ஆயிரத்தாண்டில் தொலைதூரத்து மக்களெல்லாம் யாத்திரை வந்த தலம் அது. கோயிலுக்குள் இருட்டுச் சுரங்க வழிகள். அவற்றின் நடுவே கோரைப்பல்லும் பாம்புக் கூந்தலும் கொண்ட தெய்வ உருவம் செதுக்கிய, நாலரை மீட்டர் உயரக் கருங்கல் தூண். 2001இல் அங்கே 20 சங்கு ஊதுகொம்புகள் கிடைத்தன. அந்தச் சங்கு பெருவின் குளிர்ந்த கடலில் வளராது. எக்குவடோர் பக்கத்து வெப்பக் கடலில் கிடைப்பது. அதைச் சுமந்து மலையேறியவர்களின் நடையை எண்ணிப் பாருங்கள். பெருவின் தொல்லியலுக்குத் தந்தை எனப் போற்றப்படும் ஹூலியோ தெல்லோ இந்தக் கோயிலை ஆராய்ந்தார். அவர் கெச்சுவா மொழி பேசும் மலைக்கிராமக் குடும்பத்தில் பிறந்தவர். தன் மக்களின் நாகரிகம் வெளியிலிருந்து வந்த ஒன்றல்ல, அந்த மண்ணிலேயே விளைந்தது என்று நிறுவியவர் அவர்.

தெல்லோவின் அந்த முடிவு நாஸ்காவுக்கு வரும்போது எனக்குப் பெரிதும் தேவைப்படுகிறது. தெற்குக் கடற்கரைப் பாலையில் கி.மு. 500க்கும் கி.பி. 500க்கும் இடைப்பட்ட காலத்தில் வரையப்பட்ட மாபெரும் உருவங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: தேன்சிட்டு, குரங்கு, சிலந்தி, கிலோமீட்டர் கணக்கில் நேராக ஓடும் கோடுகள். தேன்சிட்டு மட்டுமே 90 மீட்டருக்கு மேல் நீளம். வெயிலில் கறுத்துச் சிவந்த மேல்கற்களை அகற்றினால் அடியில் வெளிர் நிற மண் தெரியும், அவ்வளவுதான் நுட்பம். முளையும் கயிறும் நல்ல கண்ணும் போதும். மழை இல்லாததால் இரண்டாயிரம் ஆண்டுகளாக அழியவில்லை. ஜெர்மனியில் பிறந்த கணித ஆசிரியை மரியா ரைஹே, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தப் பாலையிலேயே கழித்து, கோடுகளை அளந்தும் துடைப்பத்தால் பெருக்கியும் காவல் காத்தும் வந்தார், 1998இல் காலமானார். 2024இல் ஜப்பானின் யமகத்தா பல்கலைக்கழகக் குழு, செயற்கை நுண்ணறிவின் உதவியோடு விமானப் படங்களை ஆராய்ந்து 303 புதிய உருவங்களைக் கண்டறிந்தது.

இவற்றை வேற்றுக்கிரகவாசிகள் வரைந்தார்கள் என்றும், கடல் கடந்து வந்த வேறொரு நாட்டார் கற்றுக்கொடுத்தார்கள் என்றும் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. ஒரு மக்களின் உழைப்பையும் அறிவையும் அவர்களிடமிருந்து பிடுங்கிப் பிறருக்குக் கொடுக்கும் செயல் அது. நாஸ்கா மக்களின் திறமைக்குச் சான்று வேண்டுமானால் தரைக்கு அடியில் பாருங்கள். அந்தப் பகுதி ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். நீர் மணலுக்குக் கீழே ஓடும். அந்த நீரைத் தொட அவர்கள் பூக்கியோ எனப்படும் நிலத்தடி வாய்க்கால்களை வெட்டினார்கள். நெடுக இடைவெளி விட்டு, திருகுச் சரிவாகக் கீழே இறங்கும் அகன்ற வாய்கள். அவற்றின் வழியே இறங்கித் தூர் வாரலாம். பெரும்பாலான ஆய்வாளர்கள் இவை நாஸ்கா காலத்தவை என்றே கருதுகிறார்கள். முப்பதுக்கு மேற்பட்டவை இன்றும் நீர் தருகின்றன. உழவர்கள் ஆண்டுதோறும் தூர் வாருகிறார்கள். தரையில் வரைந்த கோடுகளில் பலவும் நீரை வேண்டி நடந்த ஊர்வலப் பாதைகள் என்ற விளக்கத்தையே நான் ஏற்கிறேன்.

வடக்கே, இன்றைய துருஹியோ நகருக்கு அருகில், கி.பி. முதல் நூற்றாண்டுகளிலிருந்து 800 வாக்கு வரை மோச்சே மக்கள் வாழ்ந்தார்கள். சூரியன் பெயரால் வழங்கும் அவர்களது மண் பிரமிடுக்கு 13 கோடிக்கு மேற்பட்ட பச்சைச் செங்கற்கள் பிடித்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். செங்கற்களில் விதவிதமான அடையாளங்கள். எந்தக் குழு அல்லது எந்த ஊர் எவ்வளவு செங்கல் கொடுத்தது என்பதற்கான கணக்காக அது இருக்கலாம். ஸ்பானியர் காலத்தில் தங்கம் தேடி ஆற்றையே அந்தப் பிரமிடின்மேல் திருப்பிவிட்டுக் கரைத்தார்கள். இன்று நிற்பது மிச்சம்தான்.

1987இல் சிப்பான் என்ற ஊரில் கல்லறைத் திருடர்கள் ஒரு மேட்டைத் தோண்டிவிட்டார்கள் என்ற செய்தி கிடைத்து, தொல்லியலாளர் வால்தர் அல்வா அங்கே விரைந்தார். திருடர்கள் தொடாத அறை ஒன்றில் மோச்சே தலைவர் ஒருவரின் உடல், பணியாளர்களும் பொன்னும் வெள்ளியும் சூழக் கிடந்தது. அவர் கழுத்தில் இருந்த மாலை வேர்க்கடலை வடிவில் செய்தது: வலப்பக்கம் பத்துப் பொன் கடலைகள், இடப்பக்கம் பத்து வெள்ளிக் கடலைகள். நாம் வறுத்தும் அவித்தும் தின்னும் வேர்க்கடலை தென் அமெரிக்காவின் பயிர். ஒரு தலைவனின் கழுத்துக்கு ஏற்ற அணியாக அதை எண்ணிய மக்கள் மண்ணில் விளைவதை எவ்வளவு மதித்தார்கள் என்று அந்த மாலை சொல்கிறது. 2006இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட இன்னொரு மோச்சே கல்லறையில் இருந்தவர் ஓர் இளம்பெண். கைகளில் பாம்பும் சிலந்தியுமாகப் பச்சை குத்தியிருந்தார்; உடன் வைத்த பொருள்களில் போர்த் தண்டங்களும் இருந்தன. ஆட்சி செய்தவர்கள் ஆண்கள் மட்டுமே என்ற எண்ணத்தை அவர் ஒருவரே மாற்றிவிட்டார்.

மோச்சேயின் தளர்ச்சிக்கு எல் நினோவும் ஒரு காரணம் என்று பலரும் கருதுகிறார்கள். சில ஆண்டுகளுக்கொரு முறை குளிர்ந்த கடல் சூடாகிவிடும். நெத்திலி விலகிப் போகும். மழையே காணாத பாலையில் வெள்ளம் பாயும். மண் கட்டடங்கள் கரையும். கிறிஸ்துமஸை ஒட்டி இந்தச் சூடு தெரியவந்ததால் குழந்தை இயேசுவின் பெயரை அதற்குச் சூட்டியவர்கள் பெருவின் மீனவர்களே. 1982–83லும் 1997–98லும் 2017லும் இதே கரை பட்ட பாடு நினைவிருக்கும். அப்படிப்பட்ட மண்ணில்தான், மோச்சேக்குப் பின் வந்த சிமு அரசர்கள் சான் சான் என்ற தலைநகரத்தைக் கட்டினார்கள். பரப்பு சுமார் 20 சதுர கி.மீ.; பச்சை மண்ணால் ஆன நகரங்களில் அமெரிக்கக் கண்டங்களிலேயே பெரியது. சுவரெங்கும் மீன், பறவை, வலைப் பின்னல் சிற்பங்கள். 1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதே அழிவின் விளிம்பில் இருக்கும் களங்களின் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். நேரில் காண வேண்டியவற்றில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மலைவாழ் மக்கள் கண்ட வழி வேறு. 4,000 மீட்டரில் உருளைக்கிழங்கும், ஒட்டக இனத்து விலங்குகளான லாமாவும் அல்பாக்காவும்; அதற்குக் கீழே மக்காச்சோளம்; இன்னும் கீழே மிளகாய், பருத்தி, கோக்கா. ஒரே சமூகம் தன் குடும்பங்களைப் பல உயரங்களில் குடியமர்த்தி, விளைந்ததைத் தமக்குள்ளேயே பரிமாறிக்கொண்டது. திதிகாகா ஏரிக்கரையின் லுபாக்கா மக்களைப் பற்றி 1567இல் ஸ்பானிய அதிகாரிகள் எழுதிவைத்த விசாரணை ஏடுகளைப் படித்து இதை வெளிக்கொணர்ந்தவர் மானுடவியலாளர் ஜான் முர்ரா. 3,812 மீட்டர் உயரத்து ஏரிக்கரையில் இருந்துகொண்டு, பசிபிக் கரையிலும் கிழக்குக் காட்டோரத்திலும் அவர்களுக்குச் சொந்த ஊர்கள் இருந்தன. ஒரு மண்டலத்தில் பனி அடித்தால் மற்றொன்று சோறு போடும்.

உருளைக்கிழங்கு பிறந்த இடமும் அந்த ஏரியைச் சூழ்ந்த மேட்டுநிலம்தான். ஆண்டீஸில் இன்றும் 4,000க்கு மேற்பட்ட நாட்டு வகைகள் இருக்கின்றன; அவற்றைக் காக்கும் சர்வதேச உருளைக்கிழங்கு மையம் 1971 முதல் லீமாவில் இயங்குகிறது. அறுவடையை ஆண்டுக்கணக்கில் சேமிக்க மலைமக்கள் கண்ட முறை சூன்யோ. கிழங்கை இரவுப் பனியில் பரப்பி உறையவிட்டு, பகலில் வெயில் பட்டு இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, மறுபடி உறையவிட்டு, உலர்த்துகிறார்கள். கல்லைப்போல் இறுகி, எடை குறைந்து, லாமாவின் முதுகில் ஏற்ற வசதியாகிவிடும். இன்காக்களின் படை நடந்ததும் கட்டடங்கள் எழுந்ததும் களஞ்சியங்களில் குவித்த இந்தச் சூன்யோவையும் சோளத்தையும் நம்பித்தான்.

இன்காக்களுக்கு முன்பு கி.பி. 600 முதல் 1000 வரை அயக்குச்சோ பகுதியிலிருந்து ஆண்ட வாரி அரசு சாலைகளையும் அடுக்கு வயல்களையும் பரவலாக்கியது. அவற்றை எடுத்துப் பேரளவில் பெருக்கியதே இன்காக்களின் சாதனை. கப்பாக் ஞான் என்ற அவர்களது சாலை வலைப்பின்னல் 30,000 கி.மீ.க்கு மேல், இன்று ஆறு நாடுகளில் பரவிக் கிடக்கும் அதை 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றது. சக்கர வண்டி இல்லை, குதிரை இல்லை, இரும்பு இல்லை. சாஸ்கி எனப்படும் அஞ்சல் ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்தியைக் கொண்டுபோனார்கள். கணக்குகளைக் கிப்பு எனப்படும் முடிச்சுக் கயிறுகளில் பதிந்தார்கள். முடிச்சின் இடம் ஒன்றா பத்தா நூறா என்பதைக் காட்டும். இதை ஆய்வாளர் லேலண்ட் லாக் 1912இல் விளக்கினார். எண் அல்லாத செய்திகளும் அதில் உண்டா என்ற ஆய்வு இன்னும் நடக்கிறது.

அந்தச் சாலைகளில் தொங்கிய புல் பாலங்களில் ஒன்று இன்றும் இருக்கிறது. அபுரிமக் ஆற்றின்மேல் கெஸ்வாசாக்கா என்ற இடத்தில், நான்கு கிராமத்தார் ஆண்டுதோறும் ஜூன் மாதம் கூடி, மலைப்புல்லை முறுக்கிக் கயிறாக்கி, பழைய பாலத்தை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2020இல் கொரோனாவால் கட்ட முடியவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அவ்வாண்டு ஜூனில் மறுபடி கட்டிவிட்டார்கள். பெருவில் பாரம்பரியம் என்பது எது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மச்சு பிச்சுவைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 15ஆம் நூற்றாண்டில், 2,430 மீட்டர் உயர மலைமுகட்டில், ஆண்டுக்கு 1,900 மி.மீ. அளவில் மழை பெய்யும் இடத்தில் கட்டிய ஊர் அது. சரிவில் கட்டிய ஊர் சரியாமல் நிற்பது எப்படி என்று பொறியாளர் கென்னத் ரைட் ஆராய்ந்தார். கட்டுமான உழைப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு நம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கு அடியில், அடித்தளத்திலும் வடிகாலிலும் இருக்கிறது என்று கணக்கிட்டார். ஊற்றிலிருந்து வரும் வாய்க்கால் 16 நீர்த்துறைகளை வரிசையாக நிரப்புகிறது. அமெரிக்கரான ஹைரம் பிங்கம் 1911இல் கண்டுபிடித்தார் என்று பள்ளிப் பாடங்கள் சொல்கின்றன. அவர் போனபோது அங்கே உழவர் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. குஸ்கோவைச் சேர்ந்த அகுஸ்தின் லிசாராகா 1902லேயே சுவரில் தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தார். பிங்கம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச்சென்ற பொருள்கள் நூறாண்டு கழித்து, 2011 முதல் திரும்பி வந்தன.

நாஸ்கா புவித்தட்டு தென் அமெரிக்கத் தட்டின் அடியில் சொருகிக்கொண்டே இருப்பதால் அந்த மண் அடிக்கடி அதிரும். 1970 மே 31 அன்று வந்த நிலநடுக்கத்தில், நாட்டின் மிக உயர்ந்த சிகரமான 6,768 மீட்டர் ஹுவாஸ்கரானின் ஒரு பகுதி பனியும் பாறையுமாகப் பெயர்ந்து யுங்காய் என்ற ஊரை அப்படியே புதைத்தது. அந்தப் பேரிடரில் சுமார் 70,000 பேர் மாண்டார்கள். 1950இல் குஸ்கோ குலுங்கியபோது, இன்காக்களின் சூரியக் கோயில்மேல் ஸ்பானியர் எழுப்பிய மடாலயத்தின் பகுதிகள் இடிந்தன. அடியில் இருந்த, சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருந்திய இன்காச் சுவர்கள் அசையாமல் வெளியே தெரிந்தன.

காட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அமேசானின் தொலைமூலமாகப் பலர் காட்டும் ஓடை அரெக்கிப்பாவின் மிஸ்மி மலையில் தொடங்குகிறது. இக்கித்தோஸ் நகரத்துக்கு நாட்டின் பிற பகுதிகளிலிருந்து சாலையே கிடையாது, ஆற்று வழியோ வான்வழியோதான். மலையும் காடும் சந்திக்கும் சரிவில் வளரும் சின்கோனா மரத்துக்கும் நமக்கும் உண்மையான உறவு உண்டு. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா அதன் பட்டையிலிருந்து வந்தது. பெருவின் அரசுச் சின்னத்திலும் அந்த மரம் இருக்கிறது. 1860இல் ஆங்கிலேயரான கிளமென்ட்ஸ் மார்க்கம் தென்பெருவின் காரவாயா பகுதியில் நாற்றுகளைச் சேகரித்து இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே பட்டுப்போயின. அதே முயற்சியில் எக்குவடோரிலிருந்து வந்தவை நீலகிரியில் தழைத்தன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அவை தோட்டங்களாயின.

1532 நவம்பர் 16 அன்று கஹமார்க்காவில் 168 பேரோடு வந்த ஸ்பானியத் தளபதி பிசாரோ, இன்காப் பேரரசர் அதவால்பாவைச் சிறைபிடித்தார். அதற்கு முன்பே கொள்ளைநோயும் வாரிசுப் போரும் பேரரசை உலுக்கியிருந்தன. பின்வந்த தலைமுறைகளில் மக்கள்தொகை சரிந்தது, அடுக்கு வயல்கள் பாழ்பட்டன. ஆனாலும் அறிவு அறவே அழியவில்லை. லீமாவுக்கு மேலே ஹுவாமந்தாங்கா என்ற மலைக்கிராமத்தில், மழைக்கால ஓடைநீரைத் திருப்பிச் சரிவின் பாறைப் பிளவுகளில் ஊறவிடும் பழைய வாய்க்கால்கள் இருக்கின்றன. வாரி காலத்தில் தொடங்கிய முறை என்று கருதப்படுகிறது. அந்த நீர் சராசரியாக 45 நாள் நிலத்துக்குள் தங்கி, மழையில்லாத மாதங்களில் கீழே ஊற்றாக வெளிவருவதாக 2019இல் வெளியான ஆய்வு அளந்து சொன்னது. ஒரு கோடிப் பேர் வாழும் லீமா ஆற்றுநீரை நம்பியிருக்கிறது. உலகின் வெப்பமண்டலப் பனியாறுகளில் சுமார் 70 விழுக்காட்டைக் கொண்ட பெரு, அவற்றில் பாதிக்கு மேல் கடந்த அறுபது ஆண்டுகளில் இழந்துவிட்டது. அதனால் லீமாவுக்கு மேலுள்ள மலைகளில் இந்த வாய்க்கால்களைச் செப்பனிடும் பணி இப்போது நடக்கிறது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நேராகக் குஸ்கோவுக்குப் பறக்காதீர்கள். அது 3,400 மீட்டர் உயரம், உடல் பழகாது, கதையும் புரியாது. லீமாவில் தொடங்குங்கள். மிராஃப்ளோரஸ் பகுதியில் அடுக்குமாடிகளுக்கு நடுவே நிற்கும் புக்யானா மண் பிரமிடையும் லார்கோ அருங்காட்சியகத்தையும் பாருங்கள். ஒரு நாள் கராலுக்கு ஒதுக்குங்கள். வடக்கே துருஹியோவில் மோச்சே கோயில்களும் சான் சானும், லம்பயெக்கேயில் சிப்பான் தலைவரின் அருங்காட்சியகமும். பிறகு தெற்கே நாஸ்கா. விமானத்தில் ஏறிக் கோடுகளைப் பார்ப்பவர்கள், இறங்கியதும் அருகிலுள்ள காந்தாயோக் பூக்கியோவுக்கு நடந்து போய் வாருங்கள். குஸ்கோவும் மச்சு பிச்சுவும் இறுதியில். மே முதல் செப்டம்பர் வரை மலையில் மழை குறைவு. பிப்ரவரியில், மச்சு பிச்சுவுக்கு நடந்து செல்லும் இன்காப் பாதையைப் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். ஜூன் மாதம் வாய்த்தால் கெஸ்வாசாக்காவில் பாலம் கட்டும் நாள்களை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.